புழுக்காரம்மாவின் சாட்சி

வேப்பூர் கூட்டு ரோட்டில் டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன். வண்டியின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தெர்மாகோல் பெட்டி. செம்மறிப் பண்ணை ஒன்றிலிருந்து எடுத்த புழுக்கள் அதற்குள் ஐஸில் இருந்தன. அப்போது அஞ்சலையின் போன் வந்தது. அஞ்சலை கம்மாபுரம் பக்கத்துக்காரர், வெள்ளாடு வளர்ப்பவர். நான் கால்நடை மருத்துவன் என்பதால், எடுத்த எடுப்பில் எந்த ஆட்டுக்கு என்ன என்று ஆரம்பிப்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு, "டாக்டரே, வண்டியில போயிட்டு இருந்தா ஓரங்கட்டிட்டுப் பேசுங்க" என்றார். நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்றேன். "நம்ம புழுக்காரம்மா போயிட்டாங்களாம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றவர் போனை வைத்துவிட்டார்.

டீ வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருப்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. புழுக்காரம்மா என்கிற பூங்கோதை உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "அழுவறதுன்னா அழுவுங்க டாக்டர் சார், முதல்ல அதைக் கொண்டுபோயி ஃப்ரீசர்ல வெச்சிட்டு வந்து அழுவுங்க." அப்படியே செய்தேன். அவர் வீட்டுக்குப் போனபோது கீழே அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் மாடிக்குப் போய்ப் புழுக்களை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து அழுதேன்.

உங்களில் பலருக்கு அவர் முனைவர் பூங்கோதை. அவரிடம் படித்தவர்களுக்கு மேடம். இந்த வட்டாரத்து ஆட்டுக்காரர்களுக்குப் புழுக்காரம்மா. அந்தப் பெயரை முதலில் கேட்டபோது கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "பாம்புக்காரன்னு சொன்னா பாம்பு புடிக்கத் தெரிஞ்சவன்னு அர்த்தம். இதுவும் அப்படித்தானே" என்று சிரித்துவிட்டார். எனக்கு அவர் கூட வேலை பார்த்தவர், கூடவே சண்டை போட்டவர். எங்கள் சண்டைகளில் அவர் ஜெயித்ததுதான் அதிகம். அவர் இருந்தவரை இதை நான் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பூங்கோதையின் அம்மா காசியம்மாளும் பொம்மை வார்க்கும் கூடத்தில் வேலை பார்த்தவர்தான். பூங்கோதை விலங்கியல் படித்து, அதற்குப் பிறகு கணினியும் கற்றுக்கொண்டு, சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருந்தார். "ஆடு அங்க இருக்குது, புழு அங்க இருக்குது, நான் மட்டும் இங்க உக்காந்து என்ன பண்றேன்?" என்று கேட்டுவிட்டு ஒருநாள் ரயிலேறி வந்துவிட்டார். அம்மா வீட்டு மாடியில் இரண்டு அறை. ஒன்றில் ஃப்ரீசரும் நுண்ணோக்கியும். இன்னொன்றில் கணினிகள். கரண்ட் போனால் அவை ஒரே குரலில் கத்தும். தெருவில் பீங்கான் மண் மூட்டை ஏற்றிய வண்டி போனால் ஜன்னல் எல்லாம் வெள்ளையாகிவிடும். இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் உலகத்துப் புழுக்களையெல்லாம் படித்தார்.

புழு எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில். எல்லோரும் தொடை, ஈரல், நெஞ்செலும்பு என்று முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மா எவர்சில்வர் தூக்கை நீட்டி, "இரைப்பையைக் கழுவாம குடுங்க பாய்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கடைக்காரர் மிரண்டுபோனார். "கழுவாமயா? வூட்டுல யாருக்கு மேடம் சமைக்கப் போறீங்க?" "சமைக்க இல்ல பாய், படிக்க." கூட்டத்தில் ஒருவர் கறி வாங்காமலே நகர்ந்துவிட்டார். ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் கடைக்காரரே, ஆடு எந்த ஊர், யார் மந்தை என்று விசாரித்து வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். பூங்கோதைக்குப் புழுவைவிட அந்த விவரம் முக்கியம்.

அந்த இரைப்பையின் உட்சுவரில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுதான் எங்கள் வேலை. புழு அதிகமானால் ஆட்டின் கண் இமையைப் புரட்டிப் பார்க்கும்போது வெளுத்திருக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். பூச்சி மருந்து கொடுத்தால் புழு சாகும். சில மந்தைகளில் எவ்வளவு கொடுத்தாலும் சாகாது. ஏன் என்று தேட, புழுக்களைச் சென்னைக்கு அனுப்புவோம். அங்குள்ள இயந்திரம் அவற்றின் மரபணுத் தொடரைக் கோடிக்கணக்கான துணுக்குகளாகப் படித்துக் கொடுக்கும். அந்தத் துணுக்குகளை மாடியறைக் கணினியில் கோத்து, வெளிநாடுகளில் யார் யாரோ பொதுவில் போட்டு வைத்திருக்கும் புழுத் தரவுகளோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியதால் இந்தப் புழு மருந்துக்கு அசையாமல் இருக்கிறது என்று பார்ப்பார். ஆட்டையும் விடமாட்டார். ஒரே காட்டில் மேய்ந்துவிட்டு ஓர் ஆடு துவண்டு விழுகிறது, பக்கத்து ஆடு வேலி தாண்டுகிறது என்றால், வேலி தாண்டுகிற ஆட்டின் ரத்தத்தில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று தேடுவார். "புழுவை மட்டும் விசாரிச்சா பாதி வழக்குதான் டாக்டர் சார். ஆட்டையும் கூண்டுல ஏத்தணும்" என்பார்.

வழக்கு, கூண்டு என்று அவர் பேசியதற்குக் காரணம் அவருடைய அம்மாதான். சூளையில் பொம்மைகளை அடுக்கும்போது நடுவில் ஒரு சின்ன மண் கூம்பையும் வைப்பார்கள். சூடு போதுமான அளவுக்கு ஏறினால் அந்தக் கூம்பு தலை சாயும். ஓட்டை வழியாகப் பார்த்து, சாய்ந்துவிட்டதென்றால் சூளை சரியாக வெந்தது என்று தெரிந்துகொள்வார்கள். காசியம்மாள் அதைச் சாட்சி என்றுதான் சொல்வாராம். மகளும் அதையே பிடித்துக்கொண்டார். மாதிரிகளை நாங்கள் அனுப்புவது ஒரு குழித்தட்டில். பணியாரக்கல் மாதிரி குழி குழியாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் முதல் குழியில், விடை முன்பே தெரிந்த மாதிரி ஒன்றை வைப்பார். அவர்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த, மருந்தே கண்டிராத ஒரு வெள்ளாட்டின் புழு அது. அதுதான் சாட்சி. முடிவு வந்ததும் மாணவிகள் குதித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "சாட்சி என்னா சொல்லுது?"

இன்னொரு பழக்கமும் அம்மாவிடமிருந்து வந்தது. வார்த்த பொம்மைகளைப் பலகையில் அடுக்கும்போது, ஈரப் பொம்மைக்கு மேலே கை போகக் கூடாது. புடவைத் தலைப்பு பட்டாலும் மூக்கு போய்விடும். அதனால் தன் பக்கத்துப் பாதியை அடுக்கி முடித்ததும் பலகையைத் திருப்பிக்கொண்டு மறுபாதியை அடுக்குவார்கள். பூங்கோதை குழித்தட்டையும் அப்படித்தான் நிரப்புவார். பாதி முடிந்ததும் ஒரு திருப்பு. எல்லாம் முடிந்ததும் மறுபடி திருப்பி, அதன் பிறகுதான் லேபிள் ஒட்டுவார். இந்தத் திருப்புதலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது நம்மில் சிலருக்குத் தெரிந்த கதை. தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நிலக்கரிச் சுரங்கத்துக்காக அஞ்சலையின் தெருவைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். நிலம் போய்விட்டது. புதுக் குடியிருப்பில் மனை கொடுத்தார்கள், பக்கத்தில் மேய்ச்சல் பூமியும் இருந்தது. அஞ்சலைக்குப் புருஷன் இல்லை. கூலிக்குப் போகும் வயதையும் தாண்டியாகிவிட்டது. மிஞ்சியது ஆடுகள்தான். ஆனால் அந்தப் பூமியில் ஏற்கெனவே மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பயம். வெளியாடு வந்தால் மருந்துக்குச் சாகாத புழுவும் கூட வந்துவிடும், நம் ஆடுகளும் கெட்டுப்போகும் என்றார்கள். நியாயமான பயம்தான். அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அதிகாரிகள் எங்களிடம் வந்தார்கள். அந்தத் தெரு மந்தைகளின் புழு மருந்துக்குச் செத்தால் ஆடுகள் போகலாம். சாகாத புழு என்றால் ஆடுகளை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரே தட்டில் முன்பாதியில் அஞ்சலை தெருவின் வெள்ளாட்டுப் புழுக்களையும், பின்பாதியில் ஒப்பிட்டுப் பார்க்க வேப்பூர்ப் பக்கத்துச் செம்மறிப் பண்ணைப் புழுக்களையும் வைத்து அனுப்பினார் பூங்கோதை. பெட்டியை ஜங்ஷனில் ரயிலில் ஏற்றிவிட்டவன் நான். பக்கத்தில் நின்றவர், "மீனா சார்?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

முடிவு வந்தது. வெள்ளாட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை மருந்துக்குச் சாகாதவை. மாதாமாதம் மருந்து ஊற்றும் பண்ணையின் செம்மறிப் புழுக்களோ பரம சாது. யாரும் எதிர்பார்க்காத முடிவு. சென்னையில் எங்களோடு கூட்டாக வேலை செய்த ஆய்வகத்தின் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தே அதிகம் பார்க்காத மந்தையில் மருந்தை வெல்லும் புழு என்றால், பெரிய பத்திரிகைகளில் வரும் விஷயம் இது என்றார். பூங்கோதை வழக்கமான கேள்வியைக் கேட்டார். சாட்சி தப்பாகச் சொல்லியிருந்தது. மருந்தே காணாத வீட்டு ஆட்டின் புழு, சாகாத புழு என்று வந்திருந்தது.

"ஒரு குழி கெட்டுப்போயிருக்கும். அதை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அழகாக வந்திருக்கிறதே" என்றார் தலைவர். போன் ஒலிபெருக்கியில் இருந்தது, நானும் கேட்டேன். பூங்கோதை குரலை உயர்த்தவில்லை. "அழகா இருக்குதுங்க. அதான் எனக்குப் பயமா இருக்குது. சாட்சி சாயாத சூளையில வெந்த பொம்மையை எங்கம்மா வெளிய அனுப்ப மாட்டாங்க" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். மறுநாள் அதிகாரிகளுக்கு அட்டவணையை அனுப்பியும்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் அன்று எதிரில் இல்லாதது நல்லது.

செய்தி எங்களுக்கு முன்னால் கம்மாபுரம் போய்விட்டது. நாங்கள் என் வண்டியில் போய் இறங்கியபோது அஞ்சலை தெருவில் வியாபாரியின் மினி வேன் நின்றுகொண்டிருந்தது. சாகாத புழு ஆடு என்று ஊரெல்லாம் பேச்சு, அதனால் கிடைத்த விலைக்குக் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அஞ்சலையும் ஆடுகளை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"அஞ்சலை, கொஞ்ச நாள் பொறு. விக்காதே" என்றார் பூங்கோதை.

"எதுக்குப் பொறுக்கணும்? ரிப்போட்டு வந்துட்டுதுன்னு சொல்றாங்க. ஒங்க ரிப்போட்டுதான?"

"என் ரிப்போட்டுதான். அதுல எனக்கே நம்பிக்கை இல்ல."

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப இவரு வண்டி போயிட்டுதுன்னா அப்புறம் எந்த வண்டியும் வராது. நீங்க சொல்றது சரின்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. சரின்னு தெரிஞ்சா நானே வந்து சொல்றேன். தப்புன்னு தெரிஞ்சாலும் நானே வந்து சொல்றேன். டாக்டரை அனுப்ப மாட்டேன்."

என்னை அனுப்ப மாட்டேன் என்று சொன்னதுதான் அஞ்சலைக்குப் பிடித்துப்போனது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆடுகளை மறுபடி முளையில் கட்டினார். அவர் கட்டியதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளிலும் கட்டினார்கள். வியாபாரி எங்களைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். திரும்பி வந்ததும் பூங்கோதை நேராக மாடிக்கு ஏறிப் போய்க் கணினியைத் திறந்தார். 

அவரைக் காப்பாற்றியது எச்சில். ரத்தம் குடிக்கிற புழு என்பதால் புழுவை அரைத்துப் படிக்கும்போது அதன் வயிற்றில் இருக்கும் ஆட்டு ரத்தத்தின் துணுக்குகளும் சேர்ந்து வரும். எல்லா இடத்திலும் அவற்றைக் குப்பை என்று பிரித்துத் தூக்கிப் போடுவார்கள். பூங்கோதை மட்டும் தூக்கிப் போடாமல் தனியாகச் சேர்த்து, 'எச்சில்' என்று பெயர் வைத்துக் கணினியில் வைத்திருந்தார். இடம் போதவில்லை, அழித்துவிடலாமே என்று மாணவிகள் கேட்டால், "அது ஆடு பேசினது. பேசினதை அழிக்கக் கூடாது" என்பார். அந்த எச்சிலை ஒவ்வொரு குழியாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். வெள்ளாடு என்று எழுதிய குழியில் செம்மறி ரத்தம். அடுத்ததிலும் செம்மறி. செம்மறி என்று எழுதிய குழிகளில் எல்லாம் வெள்ளாட்டு ரத்தம்.

மதிய வேளை. நான் கீழே காசியம்மாளிடம் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தால், மேசையில் ஒரு வெற்றுக் குழித்தட்டை வைத்துக்கொண்டு, அதைத் திருப்புவதும் மறுபடி திருப்புவதுமாக, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "டாக்டர் சார், சாட்சி கெட்டே போவல. எதிர் மூலையில நின்னுகிட்டு உண்மையைத்தான் சொல்லிட்டு இருக்குது. நான்தான் தப்பான மூலையில போயி அதைத் தேடியிருக்கேன்." தட்டை நிரப்பிய அன்று கரண்ட் போய்விட்டதும், ஐஸ் உருகும் முன் மூடிவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதும் எனக்கும் நினைவுக்கு வந்தன. பாதியில் திருப்பிய தட்டை மறுபடி திருப்ப மறந்துவிட்டார். தன் பக்கம் இருந்த ஓரத்திலேயே லேபிளை ஒட்டிவிட்டார். அந்த முறை வாங்கிய மலிவுத் தட்டில் மூலையைக் காட்டும் அடையாளமும் இல்லை. தலைகீழாகப் போன தட்டைச் சென்னையில் லேபிளை நம்பிப் படித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு மேலே வந்த காசியம்மாள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "பலகையைத் திருப்பினா திரும்ப வெக்கணும்னு சொன்னேனே, அது காதுல வுழலியா?" என்று மகளைக் கடிந்துகொண்டார். பூங்கோதைக்கு மறுபடி சிரிப்பு.

சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. மிச்சம் வைத்திருந்த மாதிரிகளில் சிலவற்றை எடுத்து மறுபடி சோதித்துப் பார்த்தார். எல்லாம் திருப்பிய கணக்குக்கே ஒத்து வந்தன. சாகாத புழு இருந்தது செம்மறிப் பண்ணையில். அஞ்சலையின் ஆட்டுப் புழுக்கள் மருந்துக்குச் சாகிற புழுக்கள். சென்னைத் தலைவர் போனில் கேட்டார், லேபிள் குழப்பம் என்று பொதுவாக எழுதிவிடலாமே, யார் ஒட்டினார்கள் என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று. பூங்கோதை சொன்னதை வரி வரியாக நினைவில் வைத்திருக்கிறேன். "பொதுவா எழுதினா பொதுவாத்தான் நம்புவாங்க. ஒரு பொம்பளை ஆட்டை அவுத்து வெச்சிகினு நிக்குறா. அவளுக்குப் பொதுவா சொன்னா பத்தாது."

புதுக் குடியிருப்பில் கூட்டம் போட்டார்கள். இரண்டு தரப்பு ஆட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். பூங்கோதை மைக்கை வாங்கவில்லை. குழித்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். "இதுல லேபிள் ஒட்டினது நான்தாங்க. தலைகீழா ஒட்டினதும் நான்தாங்க. முதல்ல வந்த ரிப்போட்டு தப்பு" என்று ஆரம்பித்து, தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு இதுவும் தப்புன்னு வந்து நிப்பீங்களா?" அவர் கேட்டதில் தப்பில்லை. அவருடைய ஆடும் அவருக்கு உயிர்தான். "நிப்பேங்க" என்றார் பூங்கோதை. "தப்புன்னா கண்டிப்பா வந்து நிப்பேன். அதுவரைக்கும் என்னை நம்ப வேணாம். ஆட்டையே கேப்போம். இவங்க ஆட்டுக்கு ஒங்க கண்ணு முன்னாடி மருந்து குடுக்கிறோம். முன்னாடி புழுக்கைய எடுத்துப் பாருங்க, அப்புறமும் எடுத்துப் பாருங்க."

அப்படித்தான் நடந்தது. எழுந்து கேட்டாரே, அவரையே புழுக்கை பொறுக்க வைத்தார். நான் மருந்து கொடுத்தேன். மருந்துக்கு முன்னால் எடுத்த புழுக்கையை நுண்ணோக்கியில் வைத்தால் புழு முட்டைகள் அங்கங்கே கிடந்தன. எல்லோரும் வரிசையில் வந்து குனிந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் போல ஆனதும் மறுபடி எடுத்தோம். முதலில் அஞ்சலையைப் பார்க்கச் சொன்னார் பூங்கோதை. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலியேம்மா. எனக்குக் கண்ணு சரியில்ல போலருக்குது" என்று பயந்துபோய் நிமிர்ந்தார்.

"ஒன் கண்ணு நல்லாத்தான் இருக்குது அஞ்சலை" என்றார் பூங்கோதை. "அங்க ஒண்ணும் இல்ல. அதத்தான் நீ பாக்குற."

கேள்வி கேட்டவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஓட்டிட்டு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அஞ்சலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு புதுப் பூமிக்கு நடந்து வந்த அன்று பூங்கோதையும் நானும் வழியில் நின்றிருந்தோம். ஒரு கிடா நேராக வந்து பூங்கோதையின் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. மேன்மையான வரவேற்பு என்று நான் கிண்டல் செய்தேன். அவர் தலைப்பை விடுவித்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

செம்மறிப் பண்ணைக்காரரையும் அவர் சும்மா விடவில்லை. மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றுவதை நிறுத்தி, இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் கொடுக்கும்படி மாற்றினோம். அன்றைக்கு நான் வேப்பூரில் நின்றதுகூட அந்தப் பண்ணைக்குப் போய்விட்டு வந்துதான். பெரிய பத்திரிகைக் கட்டுரை கைவிட்டுப் போயிற்று. பூங்கோதை அந்தத் தட்டின் தரவு முழுவதையும், எச்சிலோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் போட்டார். மேலே ஒரு குறிப்பு: இந்தத் தட்டு தலைகீழாக லேபிள் ஒட்டப்பட்டது, ஒட்டியவர் பூங்கோதை. எதற்கு இப்படிப் பேரைப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். "அடுத்தவங்க இதே குழியில வுழாம இருக்கட்டும்" என்றார். எங்கெங்கிருந்தோ ஆசிரியர்கள் அந்தத் தரவை எடுத்து, இதில் என்ன தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தங்கள் மாணவர்களுக்குக் கொடுப்பதாக எழுதினார்கள். கட்டுரை போனதில் எங்களோடு கோபித்துக்கொண்ட அந்தச் சென்னைத் தலைவரின் ஆய்வகத்தில் இப்போது சாட்சி இல்லாமல் ஒரு தட்டும் போவதில்லை. இறுதிச் சடங்குக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் இருக்கிறது. துக்க வீட்டில் பெருமைப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பட்டேன்.

வீட்டு ஆட்டின் புழுவில் எடுத்து வைத்திருந்த சாட்சி தீர்ந்துபோன சமயம், புதுச் சாட்சி தேவைப்பட்டது. எங்கே எடுப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, பூங்கோதை ஒருநாள் அஞ்சலையிடம் போய் நின்றார். விற்கிற கிழட்டு ஆட்டின் இரைப்பையைத் தனக்கு எடுத்து வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்ட அஞ்சலையிடம் விளக்கினார். இனி எங்கள் தட்டு எங்கே போனாலும் முதல் குழியில் இந்த மந்தையின் புழு இருக்கும், அது சரியாகச் சொன்னால்தான் மற்ற எல்லா ஆட்டைப் பற்றியும் நாங்கள் வாய் திறப்போம் என்றார். அஞ்சலை வாயில் கை வைத்தார். "வேணாம்னு தள்ளின ஆடும்மா இது! இதுவா சாட்சி சொல்லப் போவுது?"

"அதனாலதான் இதையே கேக்குறேன்" என்றார் பூங்கோதை.

அவர் காலமான பிறகு, நான் வேப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டிப் புழுக்களின் முடிவு வந்தது. மாடியறையில் மாணவிகள் திரையைச் சுற்றி நின்றார்கள். பண்ணையில் சாகாத புழு குறைந்திருக்கிறது என்று ஒரு பெண் சந்தோஷமாக ஆரம்பித்துவிட்டு, நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த நாற்காலியிலிருந்து வர வேண்டிய கேள்வி வரவில்லை. நான் கேட்டேன்: "சாட்சி என்னா சொல்லுது?" என் குரலில் அது வேறு மாதிரிதான் ஒலித்தது. அந்தப் பெண் முதல் குழியைத் திறந்து பார்த்தாள். சரியாகச் சொல்லியிருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். எவ்வளவு நல்ல செய்தி வந்தாலும் அதைக் கேட்காமல் இனி நான் மகிழ்ந்துவிட மாட்டேன். கீழே இறங்கி வந்து அஞ்சலைக்குப் போன் போட்டேன். தட்டு சரியாக வந்துவிட்டது, அவருடைய ஆட்டுப் புழுதான் சாட்சி சொல்லியது என்றேன். அந்தப் பக்கம் ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது. அஞ்சலை மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"சொல்லாம பின்ன? புழுக்காரம்மா நிக்க வெச்ச சாட்சியில்ல அது" என்றார்.